மர்மோட் கதவடைத்த குளிர்காலம்

அந்தக் காலத்தில், மனுஷரும் மிருகமும் ஒரே பாஷை பேசி ஒருவரை ஒருவர் ஓயாமல் வேலை வாங்கிய காலத்தில், பனிமலைச் சரிவில் ஒரு சின்ன ஊர் இருந்தது. குளிர் தொடங்கினால் போதும், எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்குவதில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்காகத் தூங்காமல் கிடந்தவள் மர்மோட். அணில் இனம்தான், ஆனால் பூனையை விடப் பெரியவள். மண்ணுக்கடியில் வீடு. விடியுமுன் எழுந்து பனியில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே கர்ரென்று முனகினால் பனி சரியப் போகிறது. சத்தமே இல்லாவிட்டால் கெட்டியாக இருக்கிறது. அப்போதுதான் ஒரு விசில் அடிப்பாள். அதைக் கேட்காமல் ஒருவரும் சரிவில் கால் வைக்கக் கூடாது. விசில் அடித்தவருக்குத்தான் முதல் ரொட்டித் துண்டு. ஊர் வழக்கம் அது.

ரொட்டி கிடைத்தது, தூக்கம் கிடைக்கவில்லை. விடியலில் கேட்டால் போதும் என்றிருந்தது, வெயில் ஏறினால் கேள், காற்று திரும்பினால் கேள் என்று ஆகிவிட்டது. கண் எரியும். முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். இதில் கடைக்குட்டி வேறு, தானும் சறுக்க வேண்டும் என்று உயிரை வாங்கும்.

"ஒரு நாள் படுத்துக்கறேனே, உர்சுலா," என்று விடுதிக்காரியிடம் கேட்டாள்.

"விளையாடுறியா அக்கா? விடுதி நிறைஞ்சு வழியுது. பனி உருகினப்புறம் ஆசை தீரத் தூங்கு."

"பனி உருகினா புல் சேர்க்கணும். நீ வந்து சேர்ப்பியா?"

உர்சுலா காதில் விழாதது போல சூப்பைக் கிளறினாள்.

கூரையிலிருந்த மலைக்காகம் எட்டிப் பார்த்தது. "நாளைக்கு நான் ஊதறேன் அக்கா. எனக்கும் விசில் வரும்."

"விசில் யாருக்கும் வரும். கேட்கணுமே?"

"காதை வைக்கணும், முனகினா ஊதக் கூடாது. இதுக்கு ஒரு படிப்பா?"

காகத்தின் வயிறு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இமை தானாக மூடியது. "மறக்காம காதை வை," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விடிந்தது. காகம் பனிமேல் தலையைச் சாய்க்கப் போனது. அதற்குள் கீழேயிருந்து சூடான ரொட்டி வாசனை வந்தது. தலையை நிமிர்த்தி விசில் அடித்துவிட்டது.

அம்மா ஊதிவிட்டாள் என்று நினைத்து முதலில் ஓடியது கடைக்குட்டிதான். பாதிச் சரிவு தாண்டுவதற்குள் மலையே பெயர்ந்து வந்தது.

சத்தத்தில் எழுந்த மர்மோட் நகம் பெயரப் பெயரத் தோண்டினாள். உர்சுலாவும் மண்வெட்டியோடு ஓடி வந்தாள். குட்டி கிடைத்தது. மூச்சு இழையாக ஓடியது; கண் திறக்கவில்லை.

"என் அடுப்புக்குப் பக்கத்துல கொண்டு வா அக்கா!"

"உன் அடுப்பைச் சுத்தி ஊரே நிக்குது. வேண்டாம்."

குட்டியைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் போனாள். வைக்கோலும் மண்ணும் கல்லும் வைத்து உள்ளேயிருந்தே வாசலை அடைத்தாள். மற்ற பிள்ளைகளையும் கூட்டி, குட்டியை நடுவில் போட்டு, எல்லோரும் ஒட்டிப் படுத்தார்கள்.

வெளியே யாரோ தட்டினார்கள். "அக்கா, வெயில் ஏறிடுச்சு. கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்!"

"அடைச்சாச்சு," என்றாள். அதுவே முனகலாகத்தான் வந்தது. அப்படியே தூங்கிப்போனாள்; பிறகு யார் தட்டியதும் அவளுக்குத் தெரியாது.

பனி உருகி ஈரம் உள்ளே இறங்கியபோது, "அம்மா, பசிக்குது," என்று ஒரு குரல் கேட்டது. கடைக்குட்டி!

மண்ணைத் தள்ளி இருவரும் தலையை நீட்டினார்கள். சரிவில் உர்சுலா ரொட்டியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். "எழுந்துட்டியா அக்கா? வர்ற குளிருக்கு ஆளுங்க இப்பவே..."

மர்மோட் விசில் அடித்தாள். அதே பழைய விசில்தான். ஆனால் கடைக்குட்டியை உள்ளே தள்ளிவிட்டு, அவளும் மறைந்தாள்.

வா என்று சொன்ன விசில், ஓடு என்று ஆனது அன்றைக்குத்தான். மனுஷத் தலை தெரிந்ததும் மர்மோட் விசில் அடித்துவிட்டு ஓடுவதும், குளிர்காலம் முழுக்கக் குடும்பத்தோடு கதவடைத்துத் தூங்குவதும் அன்று தொடங்கியதுதான்.