எல்லாவற்றுக்கும் ஆகட்டும் சொன்ன நரி

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காட்டில், வயிற்றில் குட்டியோடு ஒரு கரடி இருந்தது. மழை இறங்குவதற்குள் அதற்கு நனையாத குகை ஒன்று வேண்டும். தோண்டுகிற வேலையை முள்ளம்பன்றி ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலையை, யாரும் கேட்காமலே, நரி ஏற்றுக்கொண்டது.

கரடி முதலில் கேட்டது ஓர் அறைதான்.

"ஆகட்டும்மா" என்றது நரி. கரடி மனம் குளிர்ந்து ஒரு தேனடை கொடுத்தது.

நரிக்கு ருசி பிடித்துவிட்டது. காற்று வர ஒரு துவாரம் வேண்டும் என்றாலும் ஆகட்டும். பின்பக்கம் இன்னொரு வாசல் வேண்டும் என்றாலும் ஆகட்டும். தேன் நரியின் வாய்க்கு, மண் முள்ளம்பன்றியின் தலைக்கு.

"அண்ணே, ஒரு அறைக்கே நாள் போதாது. அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்றது முள்ளம்பன்றி.

"சொல்றதா? அது கோபக்காரி. ஒரு அடி விட்டா உன் முதுகு பிளந்துடும். பேசாம வேலையைப் பாரு."

கரடியிடம் போய் நரி சொன்னது வேறு. "முள்ளம்பன்றி கொஞ்சம் சோம்பேறிம்மா. நான் பக்கத்துல நின்னு விரட்டுறதாலதான் ஏதோ நடக்குது."

வேலை பிந்தியது. உதவிக்கென்று நரி இரண்டு குரங்குகளைக் கூட்டிவந்தது. குரங்குக்குத் தோண்டத் தெரியுமா, நீங்களே சொல்லுங்கள். அவற்றுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே முள்ளம்பன்றியின் பொழுது போனது. வெளியே தள்ளிய மண்ணை அவை திரும்ப உள்ளே கொட்டின.

வானம் கறுத்தது. குகையைப் பார்க்க அன்று கரடியே நேரில் வந்தது.

"என் நாத்தனார் வந்தா தங்குறதுக்கு உள்ளே இன்னொரு அறை வெச்சிடலாமா?"

"அதுக்கென்னம்மா, ஆகட்டும்" என்றது நரி.

முள்ளம்பன்றிக்குப் பொறுமை அற்றுப்போனது. அடி விழுந்தால் விழட்டும் என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஆகாதும்மா. மழைக்கு முன்னால ஒரே ஒரு அறையைக் கெட்டியா முடிச்சுத் தர்றேன். நாத்தனாருக்கும் வேணும்னா தோண்டலாம். ஆனா மேல்மண்ணை இறுக்க நேரம் இருக்காது. கூரை உங்க குட்டி மேலதான் விழும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

குரங்குகள் சத்தமில்லாமல் மரத்தில் ஏறிக்கொண்டன.

கரடி அடிக்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தது. "குட்டி நனையாம இருந்தா எனக்குப் போதும்பா. இதை ஏன் முதல்லயே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அடிப்பீங்கன்னு அண்ணன் சொன்னாரு."

"எங்கிட்ட நீ சோம்பேறின்னுல்ல சொன்னாரு!"

இரண்டும் நரியைத் திரும்பிப் பார்த்தன.

"எல்லாரும் சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்..." என்று நரி பின்வாங்கியது. கரடி அதன் வாலை மிதித்துப் பிடித்தது.

"என் அறையை முள்ளம்பன்றி முடிக்கட்டும். நாத்தனார் அறைக்கு ஆகட்டும்னு சொன்னது நீதானே? அதை நீ வெளியே தனியாத் தோண்டு."

மழை கொட்டிய அன்று, புதிதாய்ப் பிறந்த கரடிக்குட்டி காய்ந்த மண்ணில் தூங்கியது. பக்கத்திலேயே, நாத்தனார் அறைக்குத் தோண்டிய குழியில், நரி நகமெல்லாம் பெயர்ந்து, கழுத்தளவு சேற்றில் நின்றது. விருந்துக்கு வந்த நாத்தனார் கரடி எட்டிப் பார்த்து முகம் சுளித்தது.

"என்னப்பா, இவ்வளவு சின்னதா? இன்னும் கொஞ்சம் அகலமா எடுத்துக் குடு."

"முடியாதும்மா" என்றது நரி.

நீதி: முடியாததை முதலிலேயே, கேட்டவரிடமே, நேராகச் சொல்லிவிட வேண்டும், நடுவில் நிற்பவர் சொல்லிக்கொள்வார் என்று விடக் கூடாது.