தொண்ணூற்றிரண்டு மைல்காரர்

“ஒம்பது டிகிரியா, பத்தரையா? அதை மட்டும் சொல்லிப் போடுங்க அம்மிணி” என்று கேட்டுக்கொண்டே பட்டறைக்குள் வந்தார் பொன்னுரங்கம்.

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு ரெஜினாவுக்கு முப்பத்தொன்று.

கோவைக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானம். அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஆளுக்கு ஏற்ற மட்டையைப் பூட்டித் தருவது ரெஜினாவின் தொழில். கடையில் பம்பு விற்கிற பொன்னுரங்கம் ஊரையே அதட்டிப் பேசுவார். அவள் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொள்வார்.

அவர் கேட்டது டிரைவரைப் பற்றி. பந்தை வெகுதூரம் விரட்டுகிற நீள மட்டை அது. அதன் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், தண்டு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்ற கேள்வி மூன்று மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

காரணம், எட்டாவது குழிக்குப் போகிற வழியில் குறுக்கே கிடக்கிற ஓடைப் பள்ளம்.

பந்து நூற்றறுபது கெஜம் பறந்தால் அக்கரை. பதினோரு வருடமாக அவர் பந்து அக்கரையைப் பார்த்ததில்லை. தாண்டாதவர் வேறொரு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பாலத்தைச் சுற்றி நடந்து போய், அந்தப் பக்கம் வைத்து ஆட வேண்டும் என்பது அந்த மைதானத்து வழக்கம். அவர் நடந்து வந்து சேர்கிறவரை சிநேகிதர்கள் மூன்று பேரும் அக்கரையில் நின்று கைதட்டுவார்கள். பாவிகள், ஒரு வாரம்கூட விட்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு அதுவும் முடிகிறது. அடுத்த வாரம் அடிக்கிற இடத்தையே அக்கரைக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். தாண்டினால் இந்த ஞாயிறு தாண்ட வேண்டும். இல்லையென்றால் தாண்டாதவர் என்ற பேர்தான் காலத்துக்கும்.

பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சென்னையில் ஒரு கடையில் இயந்திரம் வைத்து அளந்து கொடுத்தது. மட்டையை அவர் வீசும் வேகம் மணிக்குத் தொண்ணூற்றிரண்டு மைல் என்று அதில் இருந்தது. வேகமாக வீசுகிறவருக்குத்தான் சாய்வு குறைந்த முகமும் விறைத்த தண்டும் ஒத்துவரும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் ஒன்பது டிகிரி மட்டையும் இரும்பாக விறைத்த தண்டும் வாங்கியிருந்தார்.

ரெஜினா படித்தாள்.

“யாருங்க சார் இவரு?”

“நான்தான் அம்மிணி.”

அடித்துக் காட்டச் சொன்னாள்.

அவர் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மூச்சைப் பிடித்தார். தையற்காரர் நாடா வைக்கும்போது வயிற்றை எக்கிக்கொள்வார்களே, அப்படி நின்றார். வீசிய வீச்சில் தொப்பி கழன்று விழுந்தது. மூன்று தரம் வீசினார். மூன்றாவது தரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ரெஜினா எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அவருடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாங்க ஆடலாம் என்று மைதானத்துக்குள் இறங்கிவிட்டாள்.

வழியெல்லாம் மட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பம்பு வியாபாரத்தைப் பற்றிக் கேட்டாள். கேட்க ஆள் கிடைத்தால் பொன்னுரங்கத்தை நிறுத்த முடியுமா? காரமடைக்காரர் ஒருவர் புது பம்பைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, தண்ணீர் வரவில்லையென்று கடைக்கு முன்னால் கூட்டம் கூட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே ஆடினார். ஐந்தாவது குழியில் பேச்சு சுவாரசியத்தில், எப்போது அடித்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ரெஜினா உள்ளங்கையில் வேகம் அளக்கிற ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு நின்றதும் தெரியவில்லை.

அவள் அதைப் பார்த்தாள். எண்பது மைல். அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, பட்டறைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் ஒரு டிரைவரைப் பூட்டிக் கையில் கொடுத்தாள். முகம் பன்னிரண்டு டிகிரி. தண்டை வளைத்துப் பார்த்தார், வளைந்தது. அவர் முகம் சுண்டிப் போயிற்று.

“இது யாருக்குங்க அம்மிணி?”

“அஞ்சாவது குழியில பேசிட்டே அடிச்சாருங்களே, அவருக்கு.”

“அப்ப தொண்ணூத்திரெண்டு மைல்காரருக்கு?”

“அவரு வரட்டுங்க சார். வந்தா பாத்துக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி நாள் என்பதால் ஆளுக்கு இரண்டு பந்து என்று கமிட்டி பெரிய மனது பண்ணியிருந்தது.

மூன்று சிநேகிதர்களும் முதல் பந்திலேயே தாண்டி அக்கரையில் போய் நின்றார்கள். இக்கரையில் பொன்னுரங்கமும், பையோடு ரெஜினாவும்.

அவர் புது மட்டையோடு போய்ப் பந்தை வைத்தார். அக்கரையில் கைதட்டல் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அவருக்கு ரத்தம் கொதித்தது. பதினோரு வருடத்துக் கோபத்தையும் திரட்டி வீசினார்.

பந்து இடது பக்கமாக வானத்துக்கு ஏறி, மனம் மாறி, பாதிப் பள்ளத்தில் பொத்தென்று விழுந்தது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! மட்டையைப் பாக்கறாரு பாரு!” என்று கத்தினார் சிநேகிதர்களில் மூத்தவரான சின்னவேலப்பன்.

பொன்னுரங்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஒன்பது டிகிரி மட்டையைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

ரெஜினா அந்தக் கையில் இரண்டாவது பந்தை வைத்தாள்.

“அந்தக் காரமடைக்காரர் கதையைப் பாதியில விட்டுட்டீங்களே சார். அப்புறம் தண்ணி வந்துச்சுங்களா?”

“எங்கிருந்து வரும்?” எரிச்சலோடு பந்தை வைத்தார். “நானே போயி கெணத்துல எறங்கிப் பாக்கறேன். வால்வைத் தலைகீழா மாட்டி வெச்சிருக்கறான் அம்மிணி. அந்த ஆளு மொகத்துல ஈயாடல. திருப்பி மாட்டிட்டு, மோட்டரைப் போடுறான்னேன்…”

டக் என்று ஒரு சத்தம்.

அவர் வாய் அப்படியே நின்றது.

பந்து ஏறிக்கொண்டே போயிற்று. அவசரமே இல்லாமல் போயிற்று. அக்கரையில் கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. மூன்று தலைகளும் அண்ணாந்து, பின்னால் சாய்ந்து, அப்புறம் மொத்தமாகத் திரும்பின. பந்து அவர்களுக்குப் பின்னால் புல்லில் விழுந்து, குதித்து, இன்னும் ஓடியது.

பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. குதித்தார். மட்டைக்கு முத்தம் கொடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் மனிதர் விசிலடித்தார். இத்தனை சந்தோஷத்தை உடம்பில் எங்கே வைப்பது என்று தெரியாமல் ரெஜினாவிடம் ஓடிவந்தார்.

“அம்மிணி, பாதி பலங்கூடப் போடலீங்க! முழுப் பலத்தையும் போட்டிருந்தா எவ்வளவு தூரம் போயிருக்கும்?”

ரெஜினா பள்ளத்துச் சேற்றில் வெள்ளையாகத் தெரிந்த முதல் பந்தைக் காட்டினாள்.

“அவ்வளவு தூரமுங்க சார்.”