குழி எண்ணியவன்

வெட்டியான் சங்கனின் மகள் செவந்தி, ஊராட்சித் தேர்தலில் ஒரே ஓட்டில் ஜெயித்தாள். மூன்று முறை எண்ணியும் பழைய தலைவர் குமாரவேலர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்க தெருப் பெட்டியில நூத்திப் பன்னெண்டு பேரும் எனக்கே போட்டாங்க. நூத்திப் பதினொண்ணுதான் இருக்கு. மறுதேர்தல் வைங்க!" என்று, எல்லாப் பெயருக்கும் டிக் அடித்த வாக்காளர் பட்டியலை அதிகாரியின் மேசையில் வீசினார்.

"அந்தப் பேரெல்லாம் சத்தமா வாசிங்கய்யா" என்றான் வாசலில் நின்ற சங்கன்.

அதிகாரி வாசிக்க, நாலு பெயருக்கு மட்டும் சங்கன் கும்பிட்டான். அந்த நாலில் கடைசிப் பெயர் தலைவரின் தாயாருடையது.

"ஏன் கும்பிடறே?" என்றார் அதிகாரி.

"நாலு பேரையும் நான்தான் புதைச்சேன். தலைவர் வீட்டுப் பெரியம்மாவைப் போன ஆடியில."

"அப்போ இவங்க ஓட்டை யார் போட்டது?"

குமாரவேலர் அவசரமாகப் பட்டியலை மடித்தார். "உனக்கு எண்ணத் தெரியுமாடா?"

"குழி மட்டும் எண்ணுவேங்க."

மறுதேர்தல் பேச்சு அதோடு நின்றது. குமாரவேலரும் அவர் ஆட்களும் நழுவிவிட, செவந்தியின் பெயரை அறிவித்தபோது கைதட்டவும் சங்கனைத் தவிர யாருமில்லை.