யாருக்குக் காப்பு

முத்திருள் மடத்துக்குள் நுழைந்தபோது மடத்தம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் நல்லமங்கை. வயதில் முத்திருளைவிட நன்றாகவே இளையவள். இருந்தாலும் ஊர்க் காரியம் எதுவானாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. அவள் சொன்னபடி நடப்பாரா என்பது வேறு விஷயம். ஊர் அவரை மடத்தம்மாவின் சீடர் என்று கேலி பேசும். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்.

தோளில் ஆறு மாதப் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். நெடுநாள் காத்திருந்து பிறந்தவன். இந்த வருடம் அவனைத் தூக்கிக்கொண்டு தானே தணல் பரப்பிய பூக்குழியில் இறங்குவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தார்.

"வாங்க தலைவரே," என்றாள். திருவிழாக் கமிட்டிக்கு அவர் தலைவரானதிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ஒரு சங்கடம்மா. பாண்டிச்செல்வி விஷயம்."

பாண்டிச்செல்வியின் புருஷன் கோயம்புத்தூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். இரண்டு பெண்பிள்ளைகள். அவன் விழுந்த நேரம் மூன்றாவது வயிற்றில் தங்கியிருந்தது; அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்தாள். எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் காப்புக் கட்டு. அவளுக்குக் கட்டக் கூடாதுன்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு. நான்தான் கோயில் வாசல்ல சொல்லணும். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகலாம்னு."

கையில் அந்த மஞ்சள் கயிறு ஏறாத வீட்டோடு அடுத்த திருவிழா வரைக்கும் யாரும் தீ தண்ணி புழங்க மாட்டார்கள். அந்தப் பெண்பிள்ளைகளோடு விளையாட ஒரு பிள்ளை வராது. படுத்துக் கிடப்பவனை ஆட்டோவில் தூக்கி ஏற்ற ஒரு கை நீளாது. கொடுமைதான். ஆனால் அந்த ஊரில் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயர்.

"என்னன்னு சொல்லுவீங்க? இங்க ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

முத்திருள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளை உசுருக்குக் கேடு செஞ்சவங்க யாரா இருந்தாலும், அம்மன் காப்பு கிடையாது."

"எடுப்பாத்தான் இருக்கு. யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

மடத்தம்மா கஞ்சியைத் துழாவினாள்.

"போன வருஷம் சன்னாசி தன் மகளைத் தூக்கிட்டுப் பூக்குழி இறங்கி, தடுக்கி விழுந்தானே. அந்தப் பிள்ளை கால் இப்ப எப்படி இருக்கு?"

"நடக்குது. கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்குது."

"சன்னாசிக்கு நாளைக்குக் காப்பு உண்டா?"

"அவன் வேணும்னேவா விழுந்தான்? விரதத்துல ஏதோ குறைம்மா. அதான் கால் பிசகிருச்சு."

"குறை அவன் விரதத்துல. வெந்தது பிள்ளை காலு."

முத்திருள் பேரனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. சரி, அப்படியே செய்யுங்கள் என்று அவள் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம் என்றுதான் வந்திருந்தார்.

அவள் ஈர விறகு ஒன்றை அடுப்புக்குள் தள்ளினாள். அது படீரென்று வெடித்துப் பொறி பறந்தது.

முத்திருள் ஒரே தாவலில் வாசலுக்குப் போய்விட்டார். துண்டால் பிள்ளையின் தலையை மூடி, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய வேட்டியில் ஒரு பொறி விழுந்து பொத்தல் போட்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"எங்க ஓடுறீங்க தலைவரே?"

"பொறி பறக்குதும்மா! பச்சப்பிள்ளை."

"கஞ்சி அடுப்புதான."

அவர் திரும்பினார். அவள் எங்கே வருகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"அதுவும் இதுவும் ஒண்ணா? பூக்குழியில பிள்ளைய அம்மன் பாத்துக்கிடுவா."

"பாத்துக்கிடட்டும்."

"அப்ப பாண்டிச்செல்வி செஞ்சது சரிங்கிறீங்களா?"

"சரின்னு சொல்லல. தப்புன்னும் சொல்லல. எனக்கே அதுல பதில் லேசா வர மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு அவ மனசு என்ன பாடுபட்டுச்சோ, எனக்குத் தெரியாது. நீங்க அவகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"கமிட்டியில யாராச்சும்?"

"இல்ல."

பேரன் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். முத்திருள் அவனைத் தட்டிக்கொடுத்தார். நேர்ந்த நேர்த்தியை நினைத்தாலும் பயமாக இருந்தது, அந்தப் பிஞ்சுக் கால்களைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. இப்படியும் அப்படியும் போக முடியாமல் வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கு நான் என்னதாம்மா சொல்லட்டும்? ஊரே எதிர்பாத்துக்கிட்டு இருக்கு."

மடத்தம்மா பானையை இறக்கி வைத்தாள். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரனை அம்மன் கையில விட உங்களுக்குத் தைரியம் இருந்தா, பாண்டிச்செல்வியையும் அவ கையிலயே விட்டுருங்க. இல்ல, பிள்ளை உசுருக்கு நாமதான் காவல்னா, நாளைக்கு முதல்ல உங்க நேர்த்தி நின்னுபோச்சுன்னு ஊருக்குச் சொல்லுங்க. பாண்டிச்செல்வி பேரு அதுக்கப்புறம் வரட்டும்."