நிலவறை அடுப்பும் ஐம்பது வெற்றிலையும்

"கீழே குடியிருக்கிறவன் சிரிக்க ஆரம்பிச்சா, மேலே இருக்கிறவன்..." என்று அப்பா ஏதோ சொல்வாரே, என்ன அது? மத்தியானத் தூக்கம் வராமல் கட்டிலில் புரண்டுகொண்டே மாணிக்கவேலர் யோசித்தார். மீதி நினைவுக்கு வரவில்லை. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இதெல்லாம் பாலைவேலி என்றொரு நாட்டை இடிமுரசன் என்றொரு ராஜா ஆண்ட காலத்துச் சங்கதி. அவர் காலையில் ஒருவனுக்குக் குதிரையைப் பரிசாகக் கொடுப்பார்; சாயங்காலம் "என் குதிரை எங்கேடா?" என்று அவனையே அதட்டுவார். அப்பேர்ப்பட்ட ராஜாவின் சபையில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டிய பெரிய அதிகாரி மாணிக்கவேலர். நாலு கட்டு வீடு. குடியிருப்பது அவர் ஒருத்தர்தான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சமையல்காரன் மூடி வைத்துவிட்டுப் போனதை, ஆறின பிறகு தனியாகச் சாப்பிடுவார்.

வீட்டுக்கு அடியில் குளுகுளுவென்று ஒரு நிலவறை. அதில் வெற்றிலை வியாபாரி பிச்சாண்டி குடியிருந்தான். அந்த வெயில் பூமியில் வெற்றிலை வாடாமல் இருக்க வேறு இடம் கிடையாது. வாடகை, தினம் ஐம்பது வெற்றிலை.

அந்த வெற்றிலை ராஜாவின் வாய்க்கும் போனது. "பிச்சாண்டி வெற்றிலை மாதிரி வருமா!" என்று சபையிலேயே சொல்லிவிட்டார் ராஜா. மாணிக்கவேலருக்கு அது பிடிக்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது, "மாணிக்கவேலர் மாதிரி வருமா" என்று அந்த வாய் சொன்னதுண்டா?

இந்தச் சமயத்தில்தான் புருஷனை இழந்த பிச்சாண்டியின் அக்கா ஆவுடையாள், போக்கிடம் இல்லாமல் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து நிலவறைச் சாளரம் வழியாகத் தாளிக்கிற வாசனை மேலே வந்தது. கூடவே பேச்சும் சிரிப்பும் வந்தன. பொறுக்கவில்லை மாணிக்கவேலருக்கு. பிச்சாண்டியையும் இழுத்துக்கொண்டு நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, இவன் ஒண்டியாள் என்று சொல்லித்தான் குடிவந்தான். இப்போது இரண்டு பேர். வாடகை நூறு வெற்றிலை வேண்டும். முடியாதென்றால் காலி பண்ணட்டும்."

பிச்சாண்டி கும்பிட்டான். "சாமி, அக்கா விருந்தாளியா வந்தவங்க. நூறு குடுத்தா நான் விக்கிறதுக்கு என்ன மிஞ்சும்? வேற இடத்துக்குப் போனா ஒரே நாள்ல எல்லாம் வதங்கிடும்."

"விருந்தாளியாம்! நம் நாட்டு வழக்கம் என்ன? ஒரே அடுப்பில் மூன்று நாள் சாப்பிட்டவர் அந்த வீட்டு ஆள். அந்த அம்மாள் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள்!"

"அடேயப்பா, நாளெல்லாம் எண்ணி வைத்திருக்கிறாரே!" என்றார் அமைச்சர் காரிநம்பி. சபை சிரித்தது.

ராஜா தொடையைத் தட்டினார். "வழக்கமென்றால் வழக்கம்தான். அவள் வீட்டு ஆள். கூட்டிக்கொள்ளும் வாடகையை!"

"தாராளமாகக் கூட்டலாம், மகாராஜா," என்றார் காரிநம்பி. "எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த அம்மாளால் எத்தனை குடம் தண்ணீர் கூடுதலாகப் போகிறது, இடம் எவ்வளவு அடைகிறது என்று ஐந்து நாள் கூடவே இருந்து பார்க்க ஒரு சேவகனை அனுப்புவோம்."

"சேவகனா? நாலு வெற்றிலை மடித்துக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்வான். நானே போகிறேன்!" என்று துள்ளினார் மாணிக்கவேலர். அவர்கள் அப்படி என்னதான் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

மறுநாள் விடிந்ததும் நிலவறைப் படியில் போய் உட்கார்ந்தார். ஒரு குடம், இரண்டு குடம் என்று விரல் மடக்கினார். உச்சி வேளையானது.

"ஐயா, மேலே போய்ச் சாப்பிட்டு வர்றதுதானே?" என்றாள் ஆவுடையாள்.

"நான் போனதும் நாலு குடத்தை மறைத்துவிடுவீர்கள்!"

"அப்போ இங்கேயே ரெண்டு வாய் சாப்பிடுங்க. குடத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம்."

புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "சரி, எவ்வளவு விறகு செலவாகிறது என்று பார்க்க வேண்டுமே," என்று இலை முன்னால் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் அப்பளம் கேட்டார். மூன்றாம் நாள், "உப்பு ஒரு கல் குறைச்சல்," என்றார். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், குறை சொல்லிக்கிட்டே மூணு தடவை போட்டுக்குவார்," என்றாள் அவள். பிச்சாண்டிக்குப் புரையேறியது. மாணிக்கவேலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஆறாம் நாள் சபை கூடியது. பிச்சாண்டியும் அக்காவும்கூட வந்திருந்தார்கள்.

"தினம் மூன்று குடம் கூடுதல், மகாராஜா! ஒரு பாய் விரிக்கிற இடமும் போகிறது."

"ஐந்து நாளும் நகரவே இல்லையா?" என்று கேட்டார் காரிநம்பி.

"இமைகூடக் கொட்டவில்லை!"

"அப்படியானால் சாப்பாடு எந்த அடுப்பில்?"

மாணிக்கவேலர் மேல்துண்டைச் சரிசெய்தார்.

"மோர்க்குழம்பை ரெண்டு தடவை கேட்டு வாங்கினாங்க, மகாராசா," என்றாள் ஆவுடையாள்.

சபை கொல்லென்று சிரித்தது. காரிநம்பி கை உயர்த்தினார். "வழக்கத்தை எடுத்துச் சொன்னவர் இவர்தான். அதன்படி இவரும் இப்போது நிலவறை வீட்டு ஆள். சொந்த வீட்டு ஆட்களிடம் வாடகை வாங்குகிறவர் நம் நாட்டில் உண்டா? 'நான் அந்த வீட்டு ஆள் இல்லை' என்பாரானால், அந்த அம்மாளும் இல்லை. பழைய ஐம்பதுதான் வாடகை. அதற்கு மேல் ஒரு காம்புகூடக் கேட்கக் கூடாது."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் காரிநம்பிக்குப் போட்டார். பிறகு திரும்பினார்.

"முப்பது வருஷம் என் சபையில் நின்றவர், குடியிருக்கிறவன் வீட்டுக் குடத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தீரே, வெட்கமாயில்லை? இப்போதே சொல்லும். ஆளா, இல்லையா?"

மாணிக்கவேலர் தலை குனிந்தார். இல்லை என்றால் தினம் ஐம்பது வெற்றிலை வரும். ஆனால் அந்தப் படியில் இனி எந்த முகத்தோடு இறங்குவது? ஆமென்றால் ஒரு வெற்றிலையும் வராது, ஊரும் சிரிக்கும். பிச்சாண்டி கைகட்டி நின்றான். போகச் சொன்னால் போய்விட, ஆவுடையாள் மூட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"ஆள்தான், மகாராஜா," என்றார் மாணிக்கவேலர். "வாடகை வேண்டாம்."