ஏரிக் குத்தகைக்கு நாலு கால் வேண்டும்

காட்டு ஏரியின் கரையில் ஒரு நாரை மூன்று குஞ்சுகளோடு இருந்தது. ஏரி நிறைய மீன். ஆனால் ஒன்றைக்கூட அது தொடக் கூடாது. ஏரி முழுவதும் நரியின் குத்தகை. நாரை வயலில் நண்டும் நத்தையும் பொறுக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டியது.

குத்தகை மாதத்துக்கு ஒரு முறை விடப்படும். அன்று விடிந்ததும் நரியிடமிருந்து சிங்கராஜாவின் குகைக்கு ஒரு கொழுத்த விரால் மீன் போய்விடும். அதனால் ஒவ்வொரு மாதமும் குத்தகை நரிக்கே கிடைக்கும்.

மிருகங்கள் கூச்சல் போட்டன. சிங்கம் புதுச் சட்டம் போட்டது. "இனிமே யார் வேணும்னாலும் குத்தகை கேக்கலாம்!"

காடே கைதட்டியது. நாரை முதல் ஆளாகப் போய் நின்றது. விதிகளை எழுதியது நரிதான். அதுவே படித்தும் காட்டியது. "குத்தகை கேக்கறவங்களுக்கு நாலு கால் இருக்கணும். உங்களுக்கு ரெண்டுதானேம்மா?"

மறுபடி கூச்சல். கால் கணக்குக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதம் நரி வேறு விதி படித்தது. "பத்து வருஷம் குத்தகை எடுத்த அனுபவம் வேணும்."

"என்னை எடுக்கவே விடலையே, அனுபவம் எங்கிருந்து வரும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எல்லாம் சட்டப்படிதான் நடக்குது."

அந்தக் கோடையில் வயல் காய்ந்தது. நாரையின் சின்னக் குஞ்சு பசியில் செத்துப்போனது.

நாரை சபைக்கு வந்தது. அதற்கு அழக்கூடத் தெம்பில்லை. "ராஜா, சட்டத்தை எத்தனை தடவை வேணும்னாலும் திருத்துங்க. நரி விதி எழுதற வரைக்கும் எங்களுக்கு ஒரு மீனும் கிடைக்காது."

சிங்கம் பல்லிடுக்கில் மாட்டியிருந்த விரால் முள்ளை நாக்கால் துழாவியது. "நியாயம்தான். விதி எழுத வேற ஆள் போடுவோம். யாரைப் போடலாம்? நீங்களே சொல்லுங்க."

மானும் முயலும் குனிந்துகொண்டன. அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்? கடைசியில் காட்டெருமை வாயைத் திறந்தது. "விதி எழுதி அனுபவம் உள்ளவர் நரியார் ஒருத்தர்தானே?"

எல்லா மிருகங்களும் ஆமாம் போட்டன. கைதட்டல் வேறு!

நாரை மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வேறு ஏரி தேடிப் பறந்தது.

சலுகையை அனுபவிக்கிறவரிடமே விதி எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டால், சட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் எதுவும் திருந்தாது.