எலி போன வழி

கோயமுத்தூர் மில் முதலாளி வரதராஜுலு, மழைக்காலம் வந்தால் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஷெட்டில் நிறுத்திவிடுவார். பேட்டரி இறங்காமலிருக்க சார்ஜர் ஒயரை மாட்டிவைக்க வேண்டும்.

"கதவு, கண்ணாடி, பானட் எல்லாம் மூடியே இருக்கணும். ஒயர் எங்கேயும் நசுங்கக்கூடாது. புதுசா ஓட்டை போடக்கூடாது. முடியலேன்னா நாளையிலிருந்து வராதே" என்று கார் கழுவும் மாசாணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பியவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் மூடியிருந்தது. சார்ஜரில் பச்சை விளக்கும் எரிந்தது. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒயர் காருக்கு அடியில் போய் மறைந்தது.

"எந்த வழியா விட்டே?"

"எலி போற வழிங்கய்யா. நேத்து அடியிலிருந்து ஏறுறதைப் பார்த்தேனுங்க."

"என் வண்டியிலே எலியா? புளுகாதே!"

மாசாணி பானட்டைத் தூக்கிக் காட்டினாள். பேட்டரிக்குப் பக்கத்தில் பஞ்சும் காகிதமுமாக ஒரு கூடு.

மெச்சுவதா, திட்டுவதா என்று தெரியாமல் முதலாளி திணறினார். "முதல்ல அந்த எலி வர்ற வழியை அடை!"

"இப்பவே அடைச்சுடறேனுங்க. அப்புறம் ஒயரை எப்படி விடறதுன்னு ஐயாவே சொல்லிடுங்க."

அவர் கூட்டைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், பச்சை விளக்கைப் பார்த்தார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார்.